காரில் விழும் பிரதிபலிப்பை ஷூட்டிங்கிலேயே நீக்க ஒரு வழி

நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரை விளம்பரத்துக்கு எடுக்கும்போது, கேமராவை ட்ரைபாடில் அசையாமல் பூட்டிவிட்டு, போலரைசர் ஃபில்டரை (லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) வெவ்வேறு கோணத்தில் திருப்பி இரண்டு மூன்று டேக் எடுத்து வையுங்கள். ஒன்றில் முன்கண்ணாடி தெளியட்டும், அடுத்ததில் பானெட், இன்னொன்றில் கதவு. அப்புறம் எடிட்டில் மாஸ்க் போட்டு, அதாவது ஒவ்வொரு டேக்கிலும் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்தால், பிரதிபலிப்பை ஃபிரேம் ஃபிரேமாக அழிக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

கண்ணாடியிலும் பெயின்ட்டின் மேல்பூச்சிலும் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். அதைத்தான் ஃபில்டர் தடுக்கிறது. காரின் ஒவ்வொரு பரப்பும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருப்பதால், ஒரே திருப்பில் எல்லாம் தெளியாது. எல்லாப் பளபளப்பையும் எடுத்துவிடவும் கூடாது: பக்கவாட்டு வளைவில் ஓடும் நீண்ட வெள்ளைக் கோடுதான் காரின் வடிவத்தையே காட்டுகிறது.

ஓடும் கார், நகரும் கேமரா என்றால் இது சரிவராது. குரோம் போன்ற வெற்று உலோகத்திலும் பலன் குறைவு. பக்க, பின் கண்ணாடிகளில் வானவில் திட்டுகள் தெரிந்தால், ஃபில்டர் இல்லாமலும் ஒரு டேக் எடுத்து, அந்தப் பகுதியை அதிலிருந்து எடுங்கள். அந்தி நேரத்தில் டேக்குக்கு டேக் வெளிச்சம் மாறிவிடும், ஒட்டினால் பொருந்தாது.