தலையணையை இடம் மாற்றியதும் நின்ற மயக்கம்

கர்ப்பத்தின் ஏழாம் மாதம், சேலத்தில் ஒரு மருத்துவமனையில் முழுப் படுக்கை ஓய்வு. மூன்றாம் நாளிலிருந்து மல்லாந்து படுத்தால் பத்தே நிமிடத்தில் வியர்த்துக் கண் இருட்டும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

பசி மயக்கம் என்று அம்மா சாத்துக்குடி ஜூஸ் கொடுத்தார். கேட்கவில்லை. பிரஷர் பார்த்தார்கள், நார்மல். உட்காரவைத்துப் பார்த்தால் நார்மலாகத்தானே இருக்கும்!

இரவு டூட்டி நர்ஸ் அக்காதான் சொன்னார்: மல்லாந்தால் கர்ப்பப்பை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்தும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படும்மா. படுத்தேன். ஆனால் இடப்பக்கம் வெறும் சுவர். போன், தண்ணீர், அம்மாவின் ஸ்டூல், ஏற்காட்டு மலை தெரியும் ஜன்னல் எல்லாமே வலப்பக்கம். பேச்சு சுவாரசியத்தில் அரை மணியில் மறுபடி மல்லாந்திருப்பேன்.

அப்புறம் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். மலை இடப்பக்கம் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை. அன்றிரவே மயக்கம் நின்றது.