டொனேஷன் வந்ததுக்கு அப்புறம் என்ன பண்ணனும்

ஏற்காட்டுக்கு மேல இருக்கற கிராமத்து பசங்களுக்கு நாங்க சாயங்காலம் டியூஷன் நடத்தறோம். பணம் கொடுக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல மலைக்கு கீழ சேலத்துல தான் இருக்காங்க, செவ்வாப்பேட்டைல கொலுசு பட்டறை வெச்சிருக்கறவங்க, அம்மாபேட்டைல தறி ஓட்டறவங்க, மாசம் 200, 500னு போடறாங்க. அவங்கள எப்படி விடாம பாத்துக்கறீங்கன்னு புதுசா டிரஸ்ட் ஆரம்பிச்ச ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் எழுதறேன்.

பணம் விழுந்து ரெண்டு நாளுக்குள்ள போன் பண்ணிடுங்க. "அண்ணா, நீங்க போட்ட 500 வந்துருச்சுங்க, ஏழாவது பசங்களுக்கு கணக்கு நோட்டு வாங்கறோம்", இவ்ளோ போதும். அதே போன்ல அடுத்த செலவுக்கு கேக்கவே கேக்காதீங்க, அப்புறம் உங்க நம்பர பாத்தாலே எடுக்க யோசிப்பாங்க.

ஒரு நோட்டு போடுங்க, இது ரொம்ப முக்கியம். ஒரு அக்கா அவங்க அம்மா திதிக்குன்னு பணம் அனுப்பியிருந்தாங்க, எல்லாருக்கும் போற "இந்த இனிய நாளில்" மெசேஜே அவங்களுக்கும் போயிருச்சு. என் தப்பு தான். நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன், இன்னும் மனசு உறுத்துது. அன்னைல இருந்து யாரு, எதுக்காக கொடுத்தாங்க, திதியா பொறந்தநாளா, பேர வெளில சொல்லலாமா, எப்ப கூப்பிட்டா பேச முடியும்னு எல்லாம் எழுதிடறேன். ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்துல சேலத்துக்காரங்கள தொந்தரவு பண்றதில்ல, எஸ்டேட் ஆளுங்கள நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பகல்ல கூப்பிடறதில்ல, காப்பி பழம் பறிக்கற நேரம்.

ரசீது அன்னைக்கே கொடுங்க. கொடுக்கறவங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கற பதிவு (80ஜின்னு சொல்லுவாங்க) உங்க டிரஸ்டுக்கு இருந்தா அவங்க பான் நம்பரும் அப்பவே வாங்கிடுங்க. 2024-25 கணக்குக்கு 10பிடி ஃபார்ம (யார் எவ்ளோ கொடுத்தாங்கன்னு வரித்துறைக்கு கொடுக்கற கணக்கு) மே 31க்குள்ள போட்டு, பணம் கொடுத்தவங்களுக்கு 10பிஇங்கற சர்டிபிகேட் எடுத்து கொடுக்கணும்னு இருந்துச்சு, லேட்டானா நாளுக்கு 200 ரூபா கட்டணம். 2000க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிக்கழிவு இல்ல, புது வரி முறைல இருக்கறவங்களுக்கும் இல்ல, இத பணம் வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பின்னாடி ஆடிட்டர் சொல்லி தெரிஞ்சா ஏமாத்திட்ட மாதிரி ஆயிடும். வருஷா வருஷம் என்ன மாறுச்சுன்னு உங்க ஆடிட்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க.

போட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி பசங்களோட அப்பா அம்மாகிட்ட கேளுங்க. கிழிஞ்ச சட்டை, அழுவுற முகம்லாம் வேண்டவே வேண்டாம், அந்த புள்ளைங்களுக்கும் மானம் இருக்கு. பசங்க எழுதுன ஒரு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, ஒரு பட்டறை அண்ணன் அத பிரிண்ட் போட்டு கல்லா மேல ஒட்டி வெச்சிருக்காரு.

பொன்னாடை, ஷீல்டுலாம் வேண்டாம், அவங்க காசுல தான வாங்கறோம். அதுக்கு பதிலா வருஷத்துல ஒரு தடவ மேல கூட்டிட்டு வாங்க, மே மாசம் கோடை விழா கூட்டத்துல மட்டும் வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி நின்னு நின்னு தான் போகும். மேடை, மைக் எதுவும் இல்லாம, டீ கொடுத்து பசங்க கூட உக்கார வைங்க.

யாராவது திடீர்னு நிறுத்திட்டா பணத்த பத்தி பேசாதீங்க. தறி ஓடலியோ, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லியோ. போன மாசம் அப்படி ஒரு தறிக்காரர் வீட்டுக்கு சும்மா போய் பாத்துட்டு வந்தேன், ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தாரு, பசங்க பரிட்சை எப்படி எழுதுனாங்கன்னு அவரு தான் என்கிட்ட கேட்டாரு.