ஜம்போரிக்குப் பெட்டி கட்டும் சாரணருக்கு

பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெரிய முகாமான உலகச் சாரணர் ஜம்போரிக்கு விமானத்தில் போகிறீர்களா? எதை எந்தப் பையில் வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பேனாக் கத்தி, கூடார முளை எல்லாம் செக்-இன் பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான். அதன் மின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர். பவர் பேங்கில் இந்த அளவை அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் சோதனையில் பிடுங்கி வைத்துவிடலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செட் சீருடை, ஸ்கார்ஃப், மருந்து, பாஸ்போர்ட் நகல் இவையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி தாமதமாக வந்தாலும் தொடக்க விழாவில் சீருடையோடு நிற்கலாம்.

அப்புறம், பேட்ஜ். மற்ற நாட்டுச் சாரணர்களோடு மாற்றிக்கொள்ளக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். ஆனால் முதல் நாளே காலி செய்துவிடாதீர்கள். சீருடையில் தைத்ததைப் பிய்த்துக் கொடுக்கவும் வேண்டாம்.

புது ஷூவா? இன்றே போட்டு நடக்கத் தொடங்குங்கள்.