பிட்டுக்குழலைக் கொண்டு சிப் ஆக்கத்தை விளங்கிக்கொள்வது எப்படி?

கணிக்கும் சிப்பும் நினைவகச் சிப்பும் ஒரே முறையில்தான் ஆக்கப்படுகின்றனவா என்று உயர்தர மாணவர்கள் கேட்பதுண்டு. அடிப்படை ஒன்றுதான், வளரும் திசைதான் வேறு. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலாம் படி: கல்முனையில் ரீ-சேட் அச்சிடும் கடையொன்றில் சற்று நின்று பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒளியுணர் பசையைப் பூசி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவப்படும். 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டிலும் இவ்வாறே கோலத்தைப் பதித்து, பசை மறைக்காத இடத்தை அரித்து, புதிய படலம் இட்டு, மீண்டும் மீண்டும் தொடர்கிறார்கள்.

இரண்டாம் படி ஒளியைப் பற்றியது. நுண்ணிய கோட்டுக்குக் குறுகிய அலைநீளம் வேண்டும் என்பதால், 193 நனோமீற்றர் ஒளியிலிருந்து 13.5 நனோமீற்றருக்கு இறங்கினார்கள். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் ஆக்கும் பொறியில், செக்கனுக்கு ஏறத்தாழ 50,000 வெள்ளீயத் துளிகள் விழ, ஒவ்வொன்றையும் லேசர் முதலில் தட்டையாக்கிப் பின்னர் பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றமுள்ள சூடான வாயுவாக்கி) அவ்வொளியைப் பெறுகிறது. அதைக் காற்றும் கண்ணாடி வில்லையும் உறிஞ்சிவிடுவதால் வெற்றிடத்தில் ஆடிகளே அதை வழிநடத்துகின்றன.

மூன்றாம் படிக்குத் தோட்டத்து றப்பர்க் குழாய் போதும். மேலிருந்து ஒரு விரலால் அமுக்கினால் நீர் கசியும். மூன்று பக்கம் நெரித்தால் குறையும். முழுக் கையாலும் இறுக்கினால் நிற்கும். நீரை மின்னோட்டமாகவும் கையை அதைத் தடுக்கும் வாயிலாகவும் கொண்டால், திரான்சிற்றர் என்னும் நுண் மின் ஆளியின் பழைய தட்டை வடிவம், இன்டெல் 2011இல் அறிவித்த செதில் வடிவம், சாம்சங் 2022இல் உற்பத்திக்குக் கொண்டுவந்த நாற்புறமும் சூழ்ந்த வாயில் ஆகியவற்றின் வரிசையும் அதுவே. ‘3 நனோமீற்றர்’ என்பது தலைமுறையின் பெயரேயன்றி வாயிலின் நீளமன்று; விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி நினைவகம். கணினி வேலை செய்யும்போது தரவை வைத்திருக்கும் டிராம் நினைவகத்தின் ஒரு கலம் ஒரு திரான்சிற்றரும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு கொள்ளளவியும் மட்டுமே. மின்னேற்றம் கசிவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

மின்சாரம் நின்றாலும் தரவைத் தக்கவைக்கும் நான்ட் நினைவகத்துக்குத்தான் பிட்டுக்குழல். நம் பக்கத்தில் தமிழ்-முஸ்லிம் உறவுக்கு உவமை சொல்லும் பிட்டையும் தேங்காய்ப்பூவையும் மாறிமாறி மெல்லிய அடுக்குகளாக இட்டு அவித்து, ஆறியபின் தள்ளியெடுத்து, மேலிருந்து அடிவரை ஈர்க்கிலால் துளையிடுங்கள். துளை பிட்டு அடுக்கைக் கடக்கும் இடந்தோறும் ஒரு கலம் என்று கொள்ளுங்கள். 2013இல் சாம்சங் 24 அடுக்குகளுடன் தொடங்கியது, இன்று 200ஐத் தாண்டிவிட்டது. என் முதல் பிட்டில் ஈர்க்கில் பாதியிலேயே சரிந்து பக்கவாட்டில் வெளிவந்தது. ஆலையிலும் ஆழம் கூடக்கூட இதே சிக்கல்தான். ஆகவே பாதி உயரத்தைத் துளைத்தபின் மறுபாதியை மேலே அடுக்கி, கீழ்த்துளைக்கு நேராக மேல்துளையை இறக்குகிறார்கள். நீங்களும் இரண்டு குறும் பிட்டுகளை அவ்வாறு அடுக்கி, ஒரே ஈர்க்கில் இரண்டிலும் தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள்.