பழைய கார் ரேஸ் கேமில் எர்ரர் வந்தால் செய்யக் கூடாதவை

'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' 2005 நவம்பரில் வந்தது. அந்த நாளில் சென்னை பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அதை விளையாடியவர்களில் பலர் இன்று ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாக லேப்டாப் இருக்கிறது, சனி ஞாயிறு ஓய்வு இருக்கிறது, அலமாரியில் பழைய டிஸ்க்கும் இருக்கிறது. ஆசையோடு எடுத்துப் போட்டால் கார் கிளம்புவதற்கு முன்பே ஒரு சின்னப் பெட்டி வந்து வழியை மறிக்கிறது. ஏதோ ஒரு டிஎல்எல் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) இல்லை என்கிறது. இல்லையென்றால் டிஸ்கைப் போடு என்கிறது. இல்லையென்றால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீட்டைக் காட்டுகிறது.

பெரும்பாலானவர்கள் அதைப் படிக்காமலே ஓகே அழுத்திவிட்டு, தேடலில் முதலில் வரும் வைத்தியத்தைச் செய்துபார்க்கிறார்கள். கேம் ஓடாமல் போவதோடு, நன்றாக இருந்த கம்ப்யூட்டரும் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். அந்தப் பெட்டியில் பேசுவது யார் என்பதுதான் முதல் கேள்வி. விண்டோஸ் பேசுகிறதா, கேமின் படத்தையும் ஒலியையும் கையாளும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்எக்ஸ் பேசுகிறதா, டிஸ்க் பாதுகாப்பு பேசுகிறதா, கேமே பேசுகிறதா? அது தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படிக்காமல் மூடுவது

எர்ரர் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் சாதாரண செய்திப் பெட்டியாக இருந்தால் அதிலுள்ள வாசகம் முழுவதும் காப்பி ஆகிவிடும். நோட்பேடில் ஒட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது "ஏதோ எர்ரர் வருது அண்ணா" என்று சொல்வதற்கும் முழு வாசகத்தைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பெட்டியே வராமல் கேம் மூடிக்கொண்டால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் அப்ளிகேஷன் பகுதியைப் பாருங்கள். கேம் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். எந்த இஎக்ஸ்இ (புரோகிராமைத் தொடங்கும் ஃபைல்) விழுந்தது, அதன் எந்த மாட்யூலில், அதாவது எந்தத் துணைப் பகுதியில் விழுந்தது, என்ன குறியீடு என்ற மூன்றும் அதில் இருக்கும். மாட்யூல் பெயர் கிராபிக்ஸ் டிரைவருடையதாக இருந்தால் கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதால் ஒரு பயனும் இருக்காது. டிரைவரைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒற்றை டிஎல்எல்லைத் தேடி டவுன்லோடு செய்வது

பழைய கேம்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. ஆபத்தும் இதில்தான் அதிகம். 'டி3டிஎக்ஸ்9_26.டிஎல்எல் இல்லை' என்று செய்தி வரும். அந்தப் பெயரைத் தேடினால் அதே ஒரு ஃபைலை மட்டும் தரும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்த ஃபைல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அதற்குள் யார் என்ன செருகியிருக்கிறார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே லேப்டாப்பில் அதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

இந்தச் செய்தி எதற்காக வருகிறது என்று தெரிந்தால் தீர்வு எளிது. "விண்டோஸ் 11-ல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9-க்கு உள்ளது தனியாக எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். டைரக்ட்3டி 9-இன் அடிப்படைப் பகுதி இன்றும் விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் கேம் எழுதுபவர்களுக்குத் துணையாக மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிட்ட நூலகங்கள் விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. 2005-லிருந்து 24, 25, 26 என்று எண் ஏறி, 2010 ஜூனில் 43-ஓடு அந்த வரிசை நின்றது. ஒவ்வொரு கேமும் தனக்குரிய எண்ணைத்தான் கேட்கும். 43 இருப்பதால் 26 தேவையில்லை என்று ஆகாது.

மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் வைத்திருக்கும் 'டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம், ஜூன் 2010' என்ற தொகுப்பில் இந்த எண்கள் எல்லாமே உள்ளன. அது 12-க்குப் பக்கத்தில் போய் உட்காரும், எதையும் கெடுக்காது. இங்கேயும் ஒரு இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். முழுத் தொகுப்பை டவுன்லோடு செய்து திறந்தால், அது முதலில் ஒரு ஃபோல்டரைக் கேட்டு ஃபைல்களைப் பிரித்து வைப்பதோடு நின்றுவிடும். இன்ஸ்டால் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த ஃபோல்டருக்குள் போய் 'டிஎக்ஸ்செட்அப்' என்பதை ஓட்டினால்தான் உண்மையில் இன்ஸ்டால் ஆகும்.

ஒற்றை டிஎல்எல் வைத்தியத்திலிருந்து அடுத்த எர்ரரும் பிறக்கிறது. 0எக்ஸ்சி000007பி என்ற குறியீட்டைப் பார்த்திருப்பீர்கள். 32 பிட் புரோகிராம் ஒன்று 64 பிட் டிஎல்எல்லை எடுத்து மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் இதுதான் வரும். 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும், ஏற்பாடு அப்படித்தான். பெயரை நம்பி ஃபைலை இடம் மாற்றிப் போட்டவர்களுக்கு ஓடாத கேமோடு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மற்றப் புரோகிராம்களும் நின்றுபோகலாம். கையால் போட்ட ஃபைலை எடுத்துவிட்டு மேலே சொன்ன தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். 'எம்எஸ்விசிபி' என்று தொடங்கும் ஃபைல் இல்லை என்று வந்தால் விஷுவல் சி++ ரன்டைம் வேண்டும்; உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் பழைய கேமுக்கு எக்ஸ்86 என்ற 32 பிட் பதிப்பைத்தான் போட வேண்டும்.

டிஸ்க் உள்ளே இருக்கும்போதே டிஸ்க் கேட்டால்

அசல் டிஸ்க், கீறல் இல்லை, டிரைவும் படிக்கிறது. இருந்தும் சரியான டிஸ்கைப் போடு என்று கேம் சொல்கிறது. உடனே டிஸ்கைத் துடைப்பதும், வேறு டிரைவ் வாங்குவதும், காம்பாட்டிபிலிட்டி மோடில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் வீண் வேலை. 2000-களின் முதல் பாதியில் வந்த கேம்கள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற நகல் தடுப்பு முறை இருந்தது. அது 'செக்டிஆர்வி' என்ற டிரைவரை நம்பி இயங்கியது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் மூலம் பழைய விண்டோஸ் பதிப்புகளில் அதை நிறுத்தியது. விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரே கிடையாது. டிஸ்க் அசலா என்று பார்க்கும் ஆளே வாசலில் இல்லாதபோது நீங்கள் எத்தனை முறை டிஸ்கைக் காட்டினாலும் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில்தான் 'நோ சிடி' என்ற பெயரில் சுற்றும் இஎக்ஸ்இ ஃபைல்களிடம் மக்கள் போகிறார்கள். ஆன்டிவைரஸ் கத்தினால் அதை அணைத்துவிட்டு ஓட்டு என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்த வைத்தியத்தையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நல்லதும் கெட்டதும் ஒரே பெயரில் கிடக்கும் குப்பைமேட்டில் எது எது என்று பிரிக்க நம்மிடம் கருவி இல்லை. நிறுத்தப்பட்ட டிரைவரைத் தேடிப் பிடித்துப் புது விண்டோஸில் ஏற்றுவதும் அதே அளவுக்குத் தவறு. ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துதானே எடுத்தார்கள்.

டிஸ்க்கில் வாங்கிய கேம்தான் வேண்டும் என்றால், சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவில் ஒரு பழைய டெஸ்க்டாப் பார்த்து வாங்கி, விண்டோஸ் எக்ஸ்பியோடு, இணையத்தில் இணைக்காமல் தனியாக வைத்துக்கொள்வதுதான் சுத்தமான வழி என்பேன். அந்தக் காலத்துக் கேம், அந்தக் காலத்து மெஷினில், அந்தக் காலத்து விண்டோஸில் எந்தச் சண்டையும் போடாமல் ஓடும்.

இன்ஸ்டால் பாதியில் நின்று 'சிஆர்சி' (படித்த தகவல் சரியாக இல்லை என்று சொல்லும் பிழை) என்று வந்தால் மட்டும் சந்தேகம் டிஸ்க்கின் மேல் விழ வேண்டும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பற்பசை போட்டுத் தேய்க்கும் வித்தையை விட்டுவிடுங்கள்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் அநேகமாகத் தென்படாத விஷயம் இது. நம் ஊரில் இதனால் அவதிப்படுபவர்கள் உண்டு. டி டிரைவில் 'விளையாட்டுகள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் கேமை இன்ஸ்டால் செய்திருப்பார்கள். அல்லது விண்டோஸில் லோக்கல் அக்கவுண்ட் உண்டாக்கும்போதே பெயரைத் தமிழில் கொடுத்திருப்பார்கள். கேம் திறந்த உடனே மூடிக்கொள்ளும். அல்லது ஓடும், ஆனால் புரொஃபைலைச் சேமிக்க முடியவில்லை என்று சொல்லும்.

விண்டோஸ் தமிழை யூனிகோடில் மட்டும்தான் கையாள்கிறது. அதற்கு முந்தைய ஆன்சி முறையில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும், ரஷ்ய மொழிக்கும், சீன மொழிக்கும் ஒவ்வொரு குறியீட்டுப் பக்கம் இருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. அந்தக் காலத்துக் கேம்களில் பல ஃபோல்டர் பாதையை ஆன்சி முறையில்தான் கேட்கும். விண்டோஸ் அந்தப் பாதையை மாற்றித் தரும்போது தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறி விண்டோஸில் ஃபோல்டர் பெயரில் இருக்கவே கூடாத குறி. ஆகவே இல்லாத இடத்தைத் தேடிப் போய்க் கேம் விழுகிறது.

தமிழில் பெயர் வைத்தது குற்றமில்லை. குறை பழைய கேமிடம்தான். ஆனால் கேமை இனி மாற்ற முடியாது என்பதால், அதற்கு மட்டும் சி டிரைவிலோ டி டிரைவிலோ 'கேம்ஸ்' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுங்கள். அக்கவுண்ட் பெயரே தமிழில் இருந்தால், செட்டிங்ஸில் காட்டப்படும் பெயரை மாற்றுவது போதாது. யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய பெயர் அப்படியே இருக்கும். கேமுக்காக ஆங்கில எழுத்துப் பெயரில் இன்னொரு அக்கவுண்ட் போடுவதே எளிது. மொழி செட்டிங்ஸில் யுடிஎஃப்-8 என்று 'பீட்டா' அடையாளத்தோடு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டால் இது சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் ஆகும். ஆனால் அலுவலகத்துப் பழைய மென்பொருள் ஏதாவது உடையவும் கூடும். ஒரு கேமுக்காக அதைத் தொடாதீர்கள்.

சேவ் ஆகவில்லை, சேவ் காணவில்லை

மோஸ்ட் வான்டட் தன் சேவ் ஃபைலை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்கிக்கொண்டிருந்தால், தெரியாத புரோகிராம் டாக்குமென்ட்ஸில் எழுதுவதை அது தடுக்கும். முழுவதையும் அணைக்க வேண்டாம்; கேமின் இஎக்ஸ்இயை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸைத் தன் பக்கம் இழுத்திருந்தால் சேவும் அங்கே போயிருக்கும். வழக்கமான இடத்தில் காணவில்லை என்று புது கேரியர் தொடங்கிவிடாதீர்கள். கேமில் தோற்கடிக்க வேண்டிய போட்டியாளர்களின் பட்டியலான பிளாக்லிஸ்டின் 15 பேரையும் மறுபடி முதலிலிருந்து ஜெயிக்க வேண்டியிருக்கும். கேமை அன்இன்ஸ்டால் செய்யும் முன் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு கேம் ஓடவில்லை என்று சொன்னதும் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் தலையை ஆட்டாதீர்கள். மேலே சொன்ன எந்த எர்ரருக்கும் ஃபார்மட் தேவையில்லை.

இன்னும் பழைய கேம்களில் வேறு சில உண்டு. 1990-களின் டிஸ்க் சிலவற்றில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுக்கும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான், எனவே அங்கே அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. 2000-ல் வந்த 'மிட்டவுன் மேட்னஸ் 2' என்ற கார் கேம், பலர் சேர்ந்து விளையாடுவதற்கான பழைய விண்டோஸ் பகுதியான டைரக்ட்பிளேயைக் கேட்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி காம்போனென்ட்ஸுக்குள் அது தயாராக இருக்கிறது, டிக் செய்தால் போதும். ஹார்ட் டிஸ்கில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும்போது இடம் போதாது என்று இன்ஸ்டாலர் சொன்னால், இவ்வளவு பெரிய எண்ணை அதற்கு எண்ணத் தெரியவில்லை என்று அர்த்தம். சிறிய பார்ட்டிஷன் ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்து, கேமைத் திறந்து பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். அட்மின், எக்ஸ்பி மோடு, டிபிஐ செட்டிங்ஸ் என்று எல்லா டிக்கையும் ஒரே நேரத்தில் போட்டால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் எதைத் திரும்ப எடுப்பது என்றும் தெரியாது.

செய்தியே இல்லாமல் அணைந்தால்

இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மெஷினே அணைந்துபோனால் கேம் ஃபைல்களைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய கேம்தானே, புது லேப்டாப்புக்கு இது ஒரு பாரமா என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால், கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை வரைந்துகொண்டே இருக்கும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் எவ்வளவு நேரம் தாங்கும்? கிராபிக்ஸ் டிரைவர் பேனலில் வி-சிங்க் (ஃபிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வசதி) போடுங்கள், அல்லது 60 ஃபிரேம் என்று வரம்பு வையுங்கள். விசிறியில் அடைந்த தூசியை எடுங்கள். அதன் பிறகும் அணைந்து, ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால், சரியாக ஷட்டவுன் ஆகாமலே மெஷின் நின்றது என்று பொருள். டெஸ்க்டாப் என்றால் உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் சோதிக்கக் கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும் தெர்மல் பேஸ்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.