உள்நாட்டுப் போர்க்கால ஆங்கிலேய எம்.பி. ஒருவரைப் பின்தொடர்வது எப்படி?

1640களில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கும் நடந்த போரைப் படிக்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு உறுப்பினரையும் ‘மன்னர் பக்கம்’, ‘நாடாளுமன்றப் பக்கம்’ என்று பிரித்துவிடத் தோன்றும். பலருக்கு அது பொருந்தாது. அதைவிட, ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு 1640 முதல் 1660 வரை தேதிவாரியாகப் பின்தொடருங்கள். அந்தக் காலம் எவ்வளவு சிக்கலானது என்று தானாகவே பிடிபடும். அப்போதைய உறுப்பினர் டென்சில் ஹோல்ஸை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: பெயரோடு தொகுதியையும் எழுதுங்கள்

‘நீண்ட நாடாளுமன்றம்’ என்று அழைக்கப்படும் அந்தப் போர்க்கால நாடாளுமன்றம் 1640 நவம்பர் 3 அன்று கூடியது. அதில் சர் ஹென்றி வேன் என்ற பெயரில் அப்பா, மகன் இருவருமே இருந்தார்கள். மகன் ஹல் நகரத்து உறுப்பினர். தொகுதியைக் குறிக்காவிட்டால் அப்பா செய்ததை மகன் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நம்ம ஹோல்ஸ், டார்செஸ்டர்.

படி 2: ஆண்டைச் சரிபாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதிய ஆவணங்களில் நம் கணக்குக்கு ஓர் ஆண்டு குறைவாக இருக்கும். சார்லஸின் மரண தண்டனை ஆணையில் இருக்கும் தேதி 1648 ஜனவரி 29. நமக்கு அது 1649. அப்படியே குறித்துக்கொண்டால், 1648 டிசம்பர் 6 அன்று நாடாளுமன்ற ராணுவத்தின் கர்னல் பிரைட், மன்னரோடு உடன்பாட்டை விரும்பிய உறுப்பினர்களைச் சபை வாசலிலேயே தடுத்ததற்கு முன்பே மன்னருக்குத் தண்டனை எழுதிவிட்டார்கள் என்றாகிவிடும். உண்மையில் அந்தக் களையெடுப்பு நடந்ததால்தான் தண்டனையே சாத்தியமானது. 1648/49 என்று இரண்டையும் எழுதிப் பழகுங்கள்.

படி 3: காமன்ஸ் சபை ஜர்னலைத் திறங்கள்

நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் அதிகாரபூர்வப் பதிவேடு இது. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் கிடைக்கிறது. உங்கள் ஆளின் பெயர் எந்தெந்தக் குழுக்களில் வருகிறது, எப்போது வராமல் போகிறது என்று பாருங்கள். ஆனால் ஜர்னல் பெரும்பாலும் தீர்மானங்களைத்தான் சொல்லும். விவாதம் வேண்டுமென்றால் உறுப்பினர்களின் சொந்தக் குறிப்புகளுக்குப் போக வேண்டும். சைமண்ட்ஸ் டியூஸ், ரால்ஃப் வெர்னி இருவருடையதும் பொக்கிஷம். உதாரணத்துக்கு, 1642 ஜனவரி 4 அன்று ஹோல்ஸ் உட்பட ஐந்து பேரைக் கைது செய்ய மன்னரே சபைக்குள் வந்தார். ஐவரும் அதற்குள் வெளியேறியிருந்தார்கள். எங்கே அவர்கள் என்று மன்னர் கேட்க, சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, சபை சொல்லாமல் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார்.

படி 4: திருப்பங்களைக் குறியுங்கள்

1642 அக்டோபரில் ஹோல்ஸின் படைப்பிரிவு எட்ஜ்ஹில் போர்க்களத்தில் மன்னரை எதிர்த்துப் போரிட்டது. நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் அதே படைப்பிரிவு சின்னாபின்னமானது. அப்புறம் அவர் சமாதானம் பேச வேண்டும் என்ற அணிக்கு வந்துவிட்டார். 1647இல் நாடாளுமன்றத்தின் சொந்த ராணுவமே பதினொரு உறுப்பினர்கள்மீது குற்றம் சாட்டியது. அதில் ஒருவரான ஹோல்ஸ் பிரான்சுக்குத் தப்பிப் போனார். 1660இல், முதலாம் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸை நாட்டுக்கு அழைக்க ஹேக் நகருக்குப் போன குழுவில் இருந்தார். முதலாம் சார்லஸின் சாவுக்குக் காரணமானவர்களை விசாரித்த நீதிமன்றத்திலும் உட்கார்ந்தார். இதில் எந்த ஆண்டை வைத்து அவருக்குப் ‘பக்கம்’ எழுதுவீர்கள்?

படி 5: குடும்பத்தையும் பாருங்கள்

அடுத்த பயிற்சிக்கு ரால்ஃப் வெர்னியையே எடுங்கள். அவர் நாடாளுமன்றத்தோடு நின்றார். அவர் அப்பா சர் எட்மண்டும் உறுப்பினர்தான். மன்னரின் வாதங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உப்பைத் தின்ற இடத்தை விட்டுவர மனம் ஒப்பவில்லை. மன்னரின் கொடியை ஏந்தி எட்ஜ்ஹில்லில் மடிந்தார். மகனோ 1643இல் ஸ்காட்லாந்துடனான மத உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்து பிரான்சுக்குப் போய்விட்டார். 1645இல் அவர் பதவியும் பறிபோனது. நீக்கப்பட்டவர்களில் அவர் பெயரைப் பார்த்ததும் மன்னர் ஆதரவாளர் என்று எழுதிவிடாதீர்கள். நீக்கியதற்கான காரணத்தை முதலில் தேடுங்கள்.