மலையகம் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுத் தம்பதிகள் பலருக்கு இலங்கையின் மலையகம் என்பது கொழும்புக்குத் திரும்பும் வழியில் இரண்டு இரவு. அட்டனில் ஒன்று, நுவரெலியாவில் மற்றது. படம் எடுக்கப் போன இடமெல்லாம் பனிமூட்டத்தில் வெள்ளையாகக் கிடக்கும், துவைத்த ஜீன்ஸ் காயாது, "குளிரைத்தான் கண்டோம்" என்று திரும்புவார்கள். ஓகஸ்டில் மழைப் பக்கத்தில் போய் நின்றால் வேறென்ன கிடைக்கும்?

நடுவில் நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பங்கு போடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கத்தில், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, பதுளையில் வெயில் அடிக்கும். ஒக்டோபருக்குப் பிறகு கதை மாறும். ஜனவரியில் அட்டன் பக்கம் தெளிந்துவிடும், ஊவாவில் மழை முடிந்திருக்காது. பெப்ரவரி, மார்ச் என்றால் கவலையில்லை, எங்கும் போகலாம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அப்போது கொழும்பே அங்கே வந்து நிற்கும், அறை விலையும் ஏறிவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாதம் நுவரெலியாவை விட்டுவிடுங்கள்.

ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம், அதோடு கண்டி. அது போதும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மலை வீதியில் மணிக்கு 25, 30 கிலோமீற்றருக்கு மேல் கணக்குப் போடவே வேண்டாம். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்கும் குறைவுதான், ஆனால் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போய்விடும். றம்பொடை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் குளிசையை முன்னமே போட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் கொழும்புக்கு இறங்கி மறுபடி ஏறத் தேவையில்லை. ஏ9 வீதி கண்டியில்தான் முடிகிறது. வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மாசிமகத்துக்கு அங்கே ஐந்து தேர் ஓடும். அதே மாசியில்தான் தேயிலைத் தோட்டங்களில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தும் ஆடுவார்கள். யாராவது தெரிந்தவர் அழைத்தால் மறுக்காதீர்கள், விடிய விடிய நடக்கும்.

கண்டிக்கு ஒன்றரை நாள் போதும். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு இருவரும் தோளும் முழங்காலும் மறைய உடுத்துப் போங்கள், வெள்ளை என்றால் இன்னும் நல்லது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. அதைக் காலையில் திறந்தவுடன் பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் நடக்க மனம் வராது. ஓட்டோவுக்குப் பேரம் பேச விருப்பமில்லை என்றால் பிக்மீ செயலி கண்டியில் வேலை செய்யும். பெரஹரா ஊர்வல நாட்களில் (ஜூலை அல்லது ஓகஸ்ட்) அறை விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சரி, மலைக்கு வருவோம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விதி உண்டு: காலை மலைக்கு, பின்னேரம் ஊருக்கு. அப்புத்தளையில் தங்கினால் இருட்டோடு எழும்பி லிப்டன் இருக்கை என்ற மலையுச்சிக்குப் போங்கள். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தொழிற்சாலை வரை பஸ் உண்டு. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் ஏற்றம். நடக்க முடியாதவர் ஓட்டோவில் ஏறி, இறங்கும்போது நடக்கலாம். வானம் தெளிந்திருந்தால் தெற்குச் சமவெளி முழுவதும் காலடியில் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கு முகில் வந்து மூடிவிடும். ஹோர்டன் சமவெளியின் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கும் இதே கணக்குத்தான். அங்கே வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள்.

அட்டன் பக்கம் என்றால் சிவனொளிபாதமலை. யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நடுச்சாமத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். வார இறுதியிலும் போயா எனும் பௌர்ணமி நாளிலும் படியிலேயே வரிசை நின்றுவிடும், செவ்வாய், புதனில் போங்கள். இருவரில் ஒருவருக்கு முழங்கால் சரியில்லை என்றால் இந்த மலை வேண்டாம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் காலை வாங்கும்.

ரயில் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் அரித்துவிட்டது. எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் திட்டம் போட வேண்டும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நல்ல இருக்கைகள் உடனே போய்விடும். இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வெளியில் விற்பவர்களிடம் வாங்காதீர்கள், பதிவில் கடவுச்சீட்டு எண் இருக்கும். மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு உடனே வெளியேறுங்கள். அனர்த்த உதவிக்கு 117, இலவச அம்புலன்ஸுக்கு 1990.

மொழிச் சிக்கல் இல்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைகளில் தமிழே போதும். ஆனால் தமிழ் பேசுவதால் மட்டும் நாம் அங்கே வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டோம். வடக்கிலிருந்து போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தேயிலைக்குள் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் அக்காமாரின் கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு அது வேலை நேரம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு முறை ஓரமாக நின்று பாருங்கள். இடுப்பில் படங்கு எனும் தடித்த விரிப்பைக் கட்டியபடி வரிசையில் நிற்பவர்களின் கண் முழுக்கத் தராசில்தான் இருக்கும். ஈரத்துக்கென்று கழிக்கும் ஒவ்வொரு கிலோவும் சம்பளத்தில் விழும். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் கமராவை உயர்த்துவது அழகில்லை.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போவதானால் யாராவது கூப்பிட்டால் போங்கள். வாசல் வழியே எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். உள்ளே அழைத்தால் பால் விடாத பிளேன்டீ வரும், கூடவே ரொட்டியும் சம்பலும் வரலாம், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். காசு நீட்டுவதைவிட போகும்போது பாண், பிஸ்கட், பிள்ளைகளுக்குக் கொப்பி கொண்டு போவது மேல்.

உடுப்பு: நுவரெலியாவில் ஜனவரி இரவு நன்றாகவே குளிரும், மலிவான விடுதிகளில் ஹீட்டர் இருக்காது. ஈரக் காட்டுப் பாதையில் அட்டை கடிக்கும், சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொள்ளுங்கள். போயாவன்று மதுக்கடை பூட்டு.

கடைசியாகத் தேயிலை. விமான நிலையத்தில் வாங்காமல் தொழிற்சாலைக் கடையில் வாங்குங்கள், கொழுந்து வராத நாளில் இயந்திரம் ஓடாது, அதையும் கேட்டுவிட்டுப் போனால் வாட்டுவதையும் உருட்டுவதையும் பார்க்கலாம். ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் தனி மணம் ஏறும். தலவாக்கலை, அட்டன் பக்கத்துக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. மாதம் பார்த்துப் பக்கம் தெரிவு செய்தவர்களுக்கு நல்ல தேயிலையும் அங்கேயே கிடைத்துவிடும். பால் ஊற்றிக் குடிக்கிறவர்கள் டஸ்ட் எனும் பொடித் தேயிலை வாங்குங்கள், பிளேன்டீக்கு பி.ஓ.பி. எனும் உடைந்த இலைத் தேயிலை.